மடக்கைச் சமன்பாடுகள்: எந்த வழியில் தீர்ப்பது?

மடக்கை இடம்பெறும் ஒரு சமன்பாட்டைத் தீர்ப்பதற்குப் பாடநூல்கள் ஒரே ஒரு வழியைச் சொல்வதில்லை. அதை அடுக்கு வடிவத்துக்கு மாற்றலாம், பல மடக்கைகளை ஒன்றாகச் சேர்க்கலாம், ஒன்றைப் பலவாகப் பிரிக்கலாம், இருபுறமும் ஒரே அடிமானத்தில் மடக்கை நின்றால் உள்ளே இருப்பவற்றைச் சமப்படுத்தலாம், மடக்கையையே புதிய மாறியாகக் கொண்டு இருபடிச் சமன்பாடாக்கலாம், அடிமானத்தை மாற்றலாம், இவை எதுவும் கைகொடுக்காதபோது வரைபடத்தையோ தோராயக் கணக்கீட்டையோ நாடலாம். பதினோராம் வகுப்பு மாணவர் இவற்றைத் தனித்தனியே அறிந்திருப்பார். புதிய கணக்கு ஒன்று முன்னால் வந்து நிற்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. எந்த வழியில் வரிகள் குறையும் என்று பார்த்தே பெரும்பாலும் தேர்வு நடக்கிறது. அதைவிட முக்கியமான அளவுகோல் ஒன்று உண்டு என்பதும், அதைக் கொண்டு ஒப்பிட்டால் இந்த வழிகளின் தரவரிசை மாறிவிடும் என்பதும் என் கருத்து.

ஒரு சமன்பாட்டிலிருந்து அடுத்த வரிக்கு நகரும்போது மூன்றில் ஒன்று நிகழ்கிறது. தீர்வுகள் கூடாமலும் குறையாமலும் அப்படியே தொடரலாம். முதல் சமன்பாட்டுக்குப் பொருந்தாத போலி விடைகள் புதிதாகச் சேரலாம். உண்மையான தீர்வு ஒன்று நழுவிப் போகலாம். சேர்ந்து வந்த போலி விடையைப் பிரதியிட்டுப் பார்த்து நீக்கிவிட முடியும். நழுவிய தீர்வை எந்தச் சரிபார்ப்பும் மீட்டுத் தராது; கையில் இல்லாத எண்ணை யாரும் பிரதியிட்டுப் பார்ப்பதில்லை. ஆகவே விடையைப் பெருக்கும் வழியைவிட விடையை இழக்கும் வழியே ஆபத்தானது. வகுப்பறைகளில் எச்சரிக்கை முழுவதும் போலி விடையைப் பற்றியே இருக்கிறது. இழப்பைப் பற்றிப் போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

இக்கட்டுரையில் மாறியை ‘ய’ என்றும், மடக்கையை ‘மட’ என்றும், அடிமானத்தை அதன் கீழே சிறிய எண்ணாகவும் எழுதுகிறேன். அடிமானம் எழுதப்படாத இடத்தில் அது 10 என்று கொள்க. மட₂ 8 = 3 என்பதும் 2³ = 8 என்பதும் ஒரே செய்தியின் இரு வடிவங்கள். அடிமானம் 1 அல்லாத மிகை எண்ணாகவும், மடக்கைக்குள் உள்ள கோவை மிகை எண்ணாகவும் இருக்க வேண்டும். மடக்கையின் மதிப்பு மட்டும் எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். இவ்விரண்டு நிபந்தனைகளும் ஒரு சுதந்திரமும் பின்னால் வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

அடுக்கு வடிவம்

சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு மடக்கையும் மறுபக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் அடுக்கு வடிவத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை. மட₂(ய − 3) = 5 என்பது ய − 3 = 32 என்று மாறுகிறது; ய = 35. ஜான் நேப்பியர் 1614-இல் தம் மடக்கை அட்டவணையை வெளியிட்டபோதும், ஹென்றி பிரிக்ஸ் 1624-இல் 10-ஐ அடிமானமாகக் கொண்ட அட்டவணையைத் தந்தபோதும், பெருக்கலைக் கூட்டலாக மாற்றி வானியலாளரின் உழைப்பைக் குறைப்பதே நோக்கமாக இருந்தது. கணித அறிஞர் ஆய்லர் 1748-இல் வெளியான தம் நூலில் மடக்கையை அடுக்கின் வழியாகவே வரையறுத்தார். அந்த வரையறையை நேரடியாகப் பயன்படுத்துவதால்தான் இந்த வழியில் தீர்வு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு சலுகையைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. அடிமானம் ஓர் எண்ணாக இருக்கும்வரை, இவ்வகைச் சமன்பாட்டில் உள்ளே இருப்பது மிகை எண்ணா என்று தனியே சோதிக்கவே தேவையில்லை. மட₂(ய³ − 7ய + 2) = 3 என்ற சமன்பாட்டைப் பாருங்கள். சார்பகத்தை, அதாவது மடக்கை பொருள்படும் ய மதிப்புகளின் தொகுப்பை, முதலில் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுபவர் ய³ − 7ய + 2 > 0 என்ற அசமன்பாட்டில் இறங்குவார். அந்த முப்படிக் கோவைக்கு விகிதமுறு மூலம் ஒன்றுகூட இல்லை. அங்கேயே நேரம் கரைந்துவிடும். அடுக்கு வடிவத்துக்கு மாற்றினாலோ ய³ − 7ய + 2 = 8, அதாவது ய³ − 7ய − 6 = 0. இது (ய + 1)(ய + 2)(ய − 3) = 0 என்று காரணிப்படும். −1, −2, 3 ஆகிய மூன்றும் உள்ளே இருக்கும் கோவையை 8 ஆக்குகின்றன. 8 மிகை எண் என்பதால் மூன்றும் தீர்வுகளே. ‘மடக்கைக் கணக்கில் குறை எண் வந்தால் அடித்துவிடு’ என்று பழகிய மாணவர் இங்கே மூன்றில் இரண்டை இழப்பார். மிகையாக இருக்க வேண்டியது ய அல்ல, மடக்கைக்குள் இருக்கும் கோவை.

அடிமானத்திலேயே மாறி வந்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. அடிமானம் ய ஆக இருக்க, (3ய + 10)-இன் மடக்கை 2 என்று கணக்கு தரப்பட்டால், ய² = 3ய + 10 என்று எழுதி 5, −2 என்ற இரு விடைகளைப் பெறுகிறோம். −2-ஐப் பிரதியிட்டால் உள்ளே 4 வருகிறது, (−2)² என்பதும் 4 ஆகிறது. எண்கள் பொருந்துவதால் சரி என்றே தோன்றும். ஆனால் அடிமானம் −2 ஆக முடியாது. ஆகவே 5 மட்டுமே தீர்வு. இங்கே கோவையைச் சோதிப்பது போதாது, அடிமானத்தைச் சோதிக்க வேண்டும்.

சேர்ப்பதா, பிரிப்பதா?

பல மடக்கைகளை ஒன்றாகச் சேர்ப்பதும், ஒன்றைப் பலவாகப் பிரிப்பதும் ஒரே விதியின் இரு திசைகள் என்று பாடநூல்கள் காட்டுகின்றன. பெருக்கற்பலனின் மடக்கை, காரணிகளின் மடக்கைகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்ற பெருக்கல் விதியை இடமிருந்து வலமாக வாசித்தால் ஒன்று, வலமிருந்து இடமாக வாசித்தால் மற்றொன்று. சமன்பாட்டைத் தீர்க்கும் இடத்தில் இவ்விரண்டும் சமமான தேர்வுகள் அல்ல. என் கணிப்பில், இந்தத் தலைப்பு முழுவதிலும் மாணவர் புரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான வேறுபாடு இதுதான்.

முதலில் சேர்ப்பதைப் பார்ப்போம். மட₂ ய + மட₂(ய − 2) = 3. முதல் மடக்கைக்கு ய > 0 வேண்டும், இரண்டாவதற்கு ய > 2 வேண்டும். இரண்டும் பொருள்பட ய > 2. இவற்றைச் சேர்த்து மட₂(ய² − 2ய) = 3 என்று எழுதியதும், உள்ளே இருக்கும் பெருக்கற்பலன் மிகையாக இருந்தால் போதும் என்ற நிலை வருகிறது. இரு காரணிகளும் குறை எண்களாக இருந்தாலும் பெருக்கற்பலன் மிகைதான். ஆகவே ய < 0 என்ற பகுதி புதிதாகத் திறந்துவிடுகிறது. ய² − 2ய − 8 = 0 என்பதன் மூலங்கள் 4, −2. இவற்றுள் −2 அந்தப் புதிய பகுதியிலிருந்து வந்தது, நீக்கிவிட வேண்டும். 4-ஐப் பிரதியிட்டால் 2 + 1 = 3, சரியாக இருக்கிறது. சேர்த்ததால் போலி விடை ஒன்று வந்தது, சரிபார்த்ததும் போய்விட்டது. இழப்பு ஏதும் இல்லை.

இப்போது பிரிப்பது. மட₃(ய² − 9) = 3. உள்ளே (ய − 3)(ய + 3) என்று காரணிப்படுவதைப் பார்த்தவுடன் மட₃(ய − 3) + மட₃(ய + 3) = 3 என்று எழுதும் ஆசை எழுவது இயல்பு. எழுதிய கணத்திலேயே ய > 3 என்ற நிபந்தனை நுழைந்துவிட்டது. தொடக்கச் சமன்பாட்டில் ய < −3 என்ற பகுதியும் இருந்தது. அது ஓசையின்றி வெளியே தள்ளப்பட்டுவிட்டது. பிரித்த வடிவிலிருந்து முறைப்படி நடப்பவர் ய = 6 என்று பெறுவார், −6 என்ற மூலத்தைச் சார்பகத்துக்கு வெளியே இருப்பதாகக் கருதி நீக்குவார், 6-ஐப் பிரதியிட்டுச் சரிபார்த்து நிறைவடைவார். உண்மையில் ய² − 9 = 27, ய² = 36; 6, −6 இரண்டும் தீர்வுகள். இங்கே மாணவர் எந்த வரியிலும் கவனக்குறைவாக இல்லை; சரிபார்ப்பையும் செய்தார். தேர்ந்தெடுத்த வழிதான் விடையைப் பாதியாக்கியது.

அடுக்கு விதியில் இதே இழப்பு இன்னும் எளிதாக நேர்கிறது. மட ய² = 2 என்பதை 2 மட ய = 2 என்று மாற்றினால் ய = 10 மட்டுமே கிடைக்கும்; ய² = 100 என்று நேரே போனால் 10, −10 இரண்டும் கிடைக்கும். இரட்டைப்படை அடுக்கை வெளியே எடுக்கும்போது உள்ளே மட்டு மதிப்பை (குறியை நீக்கிய அளவை) போட்டு 2 மட |ய| என்று எழுத வேண்டும். மட₂(ய − 1)² = 4 என்பதில் அவ்வாறு எழுதினால் |ய − 1| = 4 என்றாகி 5, −3 இரண்டும் வரும். மட்டுக்குறியை விட்டுவிட்டால் −3 போய்விடும்.

இந்தச் சிக்கல் மாணவரோடு நிற்பதன்று. குறை எண்ணுக்கு மடக்கை உண்டா என்பது பற்றி லைப்னிட்ஸும் யோகான் பெர்னூலியும் 1712, 1713 ஆண்டுகளில் கடிதங்கள் வழியாக வாதிட்டனர். ஓர் எண்ணின் மடக்கையும் அதன் குறை எண்ணின் மடக்கையும் சமம் என்பது பெர்னூலியின் நிலைப்பாடு. இரண்டின் வர்க்கமும் ஒன்றுதான், அடுக்கு விதிப்படி இருபுறமும் 2 வெளியே வரும், ஆகவே மடக்கைகளும் சமம் என்பது அந்த நிலைப்பாட்டுக்குத் துணையாகக் காட்டக்கூடிய வாதம். பின்னர் ஆய்லர் அந்த விவாதத்தைத் தீர்த்துவைத்தார்: கலப்பெண்களில் ஒவ்வோர் எண்ணுக்கும் முடிவிலா மடக்கைகள் உண்டு, மெய்யெண்களுக்குரிய விதிகளை அங்கே அப்படியே பொருத்த முடியாது. விதியின் நிபந்தனையை விட்டுவிட்டு விதியை மட்டும் கையாண்டால் அந்த நூற்றாண்டின் தலைசிறந்த கணித அறிஞர்களுக்கே குழப்பம் நேர்ந்தது என்றால், நிபந்தனையை விதியோடு சேர்த்தே கற்பிக்க வேண்டிய கடமை நமக்கு எவ்வளவு பெரிது.

எனவே சேர்ப்பதா, பிரிப்பதா என்ற கேள்வி வந்தால் சமன்பாடுகளில் எப்போதும் சேர்ப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், உள்ளே இருக்கும் ஒவ்வொரு காரணியும் மிகை எண் என்பது கணக்கிலேயே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மட்டுக்குறி வேண்டும்.

சமப்படுத்துதல்

இருபுறமும் ஒரே அடிமானத்தில் ஒவ்வொரு மடக்கை இருந்தால் உள்ளே இருப்பவற்றைச் சமப்படுத்துவதே நேர்வழி. மடக்கைச் சார்பு ஒன்றுக்கொன்றானது, அதாவது வெவ்வேறு எண்களுக்கு ஒரே மடக்கை வராது என்பதே இதன் அடிப்படை. மட₅(ய² − 3ய) = மட₅(2ய + 6) என்பதிலிருந்து ய² − 5ய − 6 = 0; மூலங்கள் 6, −1. இரு கோவைகளும் சமம் என்று ஆகிவிட்டதால், இரண்டையும் சோதிக்க வேண்டியதில்லை; எது எளிதோ அதை மட்டும் சோதித்தால் போதும். 2ய + 6 என்பது 6-க்கு 18, −1-க்கு 4. இரண்டும் மிகை, இரண்டும் தீர்வுகள். இதே கணக்கில் வலப்புறத்தை இடப்புறம் கொண்டுவந்து வகுத்தல் விதியால் ஒரே பின்னமாக்குபவர்களும் உண்டு. விடை ஒன்றுதான் என்றாலும் அந்தச் சுற்றால் பயன் எதுவும் இல்லை. உள்ளே பின்னம் வந்துவிடுவதால் சோதனையும் கடினமாகிறது.

புதிய மாறியும் அடிமான மாற்றமும்

மடக்கையே வர்க்கத்தில் வந்தால் பிரதியிடல் தவிர வேறு நல்ல வழி இல்லை. (மட₃ ய)² − மட₃ ய − 2 = 0 என்பதில் மட₃ ய = த என்று கொண்டால் த² − த − 2 = 0; த = 2 அல்லது −1. இந்த இடத்தில் −1-ஐ நீக்கிவிடும் பழக்கத்தைப் பல விடைத்தாள்களில் காணலாம். த என்பது மடக்கையின் மதிப்பு. அது குறை எண்ணாக இருக்கத் தடையே இல்லை. 3² = 9, 3⁻¹ = 1/3; இரண்டும் தீர்வுகள். பிரதியிடலில் தீர்வு கூடுவதோ குறைவதோ இல்லை. இழப்பு நேர்ந்தால் அது இந்தத் தேவையற்ற நீக்கத்தால்தான். மடக்கையின் வர்க்கமும் வர்க்கத்தின் மடக்கையும் வேறு வேறு என்பதை உறுதிசெய்துகொண்டு பிறகு இந்த வழிக்கு வர வேண்டும்.

மாறி அடுக்கிலும் அடியிலும் ஒருசேர நிற்கும் சமன்பாடுகளுக்கு இருபுறமும் மடக்கை எடுத்துவிட்டுப் பிரதியிடுவது மிக அழகாகப் பொருந்துகிறது. ய^(மட ய) = 100ய என்பதில் ய மிகை எண் என்பது தொடக்கத்திலேயே தெரிகிறது; இருபுறமும் மிகையாக இருப்பதால் மடக்கை எடுப்பதில் இழப்பில்லை. மட ய = த என்றால் த² = 2 + த; த = 2 அல்லது −1; ய = 100 அல்லது 1/10. இரண்டையும் பிரதியிட்டுப் பார்த்தால் 100² = 10000 என்றும், (1/10)⁻¹ = 10 என்றும் சரியாகவே அமைகின்றன.

அடிமானங்கள் வெவ்வேறாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். எந்த அடிமானத்துக்கு மாற்றுவது என்பதே தேர்வு. மட₂ ய + மட₄ ய + மட₈ ய = 11 என்பதில் எல்லாவற்றையும் 2-க்கு மாற்றினால் த + த/2 + த/3 = 11, த = 6, ய = 64. எட்டுக்கு மாற்றினாலும் அதே விடை வரும். பத்துக்கு மாற்றுபவர் 0.3010 போன்ற தசமங்களைச் சுமந்துகொண்டு கடைசியில் 63.9 என்றோ 64.1 என்றோ வந்து நிற்க நேரிடலாம். கணக்கில் உள்ள அடிமானங்கள் அனைத்தும் எந்த எண்ணின் அடுக்குகளோ அந்த எண்ணே சரியான தேர்வு. மாறி ஓரிடத்தில் அடிமானமாகவும் இன்னோரிடத்தில் மடக்கைக்குள்ளும் வந்தால், ஒன்று மற்றொன்றின் தலைகீழ் என்ற உறவே போதும்: த + 1/த = 5/2 என்ற வடிவம் வந்து, த = மட₂ ய என்றால், ய = 4, ய = √2 என்று இரு தீர்வுகள் கிடைக்கும். ய = 1 மட்டும் விலக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

சார்பகம் முதலிலா, சரிபார்ப்பு இறுதியிலா?

இந்த இரண்டில் ஏதேனும் ஒன்றைக் கட்டாய விதியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இரு தரப்பிலும் உள்ளனர். இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் அந்த இடங்களை அடையாளம் காண முடியும்.

உள்ளே இருப்பவை ஒருபடிக் கோவைகளாக இருந்தால் சார்பகத்தை முதலில் எழுதுவதே மேல். மட(ய − 5) + மட(3 − ய) = 0 என்ற கணக்கைச் சேர்த்து, பெருக்கி, ய² − 8ய + 16 = 0 என்று அடைந்து, ய = 4 என்று மகிழ்ந்து, பிறகு பிரதியிட்டு இரு மடக்கைகளுக்குள்ளும் −1 வருவதைக் கண்டு நிற்பதைவிட, ய > 5, ய < 3 என்ற இரண்டு நிபந்தனைகளை முதலில் எழுதிவிட்டால் தீர்வே இல்லை என்பது ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது.

மூலங்கள் விகிதமுறா எண்களாக வரும்போதும் சார்பகமே உதவுகிறது. மட₂ ய + மட₂(ய − 3) = 1 என்பதிலிருந்து ய² − 3ய − 2 = 0; மூலங்கள் (3 ± √17)/2. இவற்றை மடக்கைகளுக்குள் பிரதியிட்டுச் சரிபார்ப்பது எரிச்சலூட்டும் வேலை. ய > 3 என்று முன்பே எழுதியிருந்தால், √17 என்பது 4.12 அளவில் இருப்பதால், தோராயமாக 3.56 ஆகும் மூலம் நிற்கும், −0.56 ஆகும் மூலம் போகும் என்று ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

முன்பு பார்த்த முப்படிக் கணக்கைப் போல உள்ளே இருப்பது சிக்கலான கோவையாக இருந்து, மூலங்கள் எளிய முழு எண்களாக வந்தால் சார்பகத்தைத் தேடுவது வீண். அங்கே இறுதியில் பிரதியிடுவதே போதும். சரிபார்ப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு: சார்பகம் கூட்டல், பெருக்கலில் நேர்ந்த பிழையைக் காட்டாது, பிரதியிடல் காட்டும். தேர்வில் நேரம் இருக்கும்போது இரண்டையும் செய்வது வீணல்ல என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வுகளில் நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகப் பிரதியிட்டுப் பார்க்கும் வழியும் திறந்திருக்கிறது. ஒரே ஒரு விடைதான் சரி, அதுவும் எண்ணாகவே தரப்பட்டிருக்கிறது என்றால் இது வேகமானது. ‘மெய்யெண் தீர்வுகள் எத்தனை’, ‘தீர்வுகளின் பெருக்கற்பலன் என்ன’ என்று கேள்வி அமைந்துவிட்டால் இந்த வழியால் பயனில்லை. அங்கே ஒரு தீர்வை இழப்பது நேரடியாக ஒரு தவறான விடையில் கொண்டுவிடும். மட₃(ய² − 9) = 3 என்பதன் தீர்வுகளின் கூட்டுத்தொகை கேட்கப்பட்டால், பிரித்தவருக்கு 6, சேர்த்தே வைத்திருந்தவருக்கு 0.

இயற்கணிதம் நின்றுவிடும் இடம்

மாறி மடக்கைக்குள்ளும் வெளியிலும் வந்துவிட்டால் மேற்சொன்ன வழிகள் எதுவும் பெரும்பாலும் உதவாது. மட₂ ய + ய = 11 என்பதில் 8 என்ற எண் ஊகத்திலேயே கிடைக்கிறது: 3 + 8 = 11. ஊகித்த விடையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதே கேள்வி. இங்கே நிறுத்தலாம், இடப்புறம் திட்டமாக ஏறும் சார்பு (ய கூடக்கூட அதன் மதிப்பும் கூடிக்கொண்டே போகும்), ஆகவே 11 என்ற மதிப்பை அது ஒருமுறைக்கு மேல் எடுக்காது. இந்த ஒரு வாக்கியத்தை விடைத்தாளில் எழுதினால் ஊகம் நிரூபணமாகிவிடுகிறது. எழுதாவிட்டால் அது வெறும் ஊகம்.

மட₂ ய = ய − 1 என்பதில் அப்படி நிறுத்த முடியாது. ய = 2 என்பது சட்டென்று தெரியும். மடக்கையின் வளைவையும் நேர்கோட்டையும் வரைந்து பார்ப்பவருக்கு ய = 1 என்ற இன்னொரு வெட்டும் புள்ளியும் தெரியும். மடக்கையின் சாய்வு தொடர்ந்து குறைந்துகொண்டே போவதால் ஒரு நேர்கோடு அதை இரண்டு இடங்களுக்கு மேல் வெட்ட முடியாது. ஆகவே இரண்டோடு முடிந்தது. எத்தனை தீர்வுகள் என்ற கேள்விக்கு வரைபடத்தைவிட நம்பகமான விடை வேறு வழியில் கிடைப்பது அரிது. அதன் துல்லியம் போதாது என்பது உண்மையே. துல்லியம் வேறு வழியில் வரும்.

மட ய + ய = 5 என்பதற்கு முழு எண் தீர்வு இல்லை. இதை ய = 5 − மட ய என்று எழுதி, 5-இல் தொடங்கி, வரும் விடையை மீண்டும் மீண்டும் வலப்புறத்தில் இட்டால் 4.3010, 4.3664, 4.3599, 4.3605 என்று எண்கள் நெருங்கி வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதால் சுற்றுக்கு ஒரு தசம இடம் வீதம் துல்லியம் கூடுகிறது. கையில் மடக்கை அட்டவணை மட்டும் இருந்தாலும் இது இயலும். அதே சமன்பாட்டை ய = 10^(5 − ய) என்றும் எழுதலாம். இயற்கணிதத்தில் இரண்டும் ஒன்றே. கணக்கீட்டில் இரண்டாவது வடிவம் பயனற்றது. தீர்வின் அருகிலேயே தொடங்கினாலும் ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருகி எண்கள் சிதறிவிடும். வலப்புறச் சார்பின் வகைக்கெழு (ய-ஐப் பொறுத்து அது மாறும் வீதம்), தீர்வின் அருகே, மட்டு மதிப்பில் ஒன்றைவிடக் குறைவாக இருக்கும் வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தத் தேர்விலும் தீர்வை இழக்கும் அபாயம் இருக்கிறது. மட₂ ய = ய − 1 என்பதை ய = 1 + மட₂ ய என்று எழுதிச் சுற்றினால், வகைக்கெழு 2-இன் அருகே 0.72, 1-இன் அருகே 1.44. ஆகவே 1-க்குச் சற்று மேலே தொடங்கினாலும் எண்கள் அதைவிட்டு விலகி 2-ஐ நோக்கியே போகும். ய = 2^(ய − 1) என்று எழுதினால் நிலைமை நேர்மாறு: 1-இன் அருகே 0.69, 2-இன் அருகே 1.39, 2-க்குச் சற்றுக் கீழே தொடங்கினாலும் 1-இல் போய் நிற்கும். எந்த வடிவத்தை எடுத்தாலும் ஒரு தீர்வு மட்டுமே வெளிப்படும். நன்றாக நெருங்கி வரும் எண்களைப் பார்க்கும்போது இன்னொன்று இருப்பதாகச் சந்தேகமே வராது. அதனால் தோராயக் கணக்கீட்டைத் தொடங்கும் முன் கைவரைபடம் ஒன்றைப் போட்டு, எத்தனை வெட்டும் புள்ளிகள், எந்த எண்களின் அருகே என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய வடிவத்தைத் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும்.